சர்வரில் சவுண்ட் கார்டை இயக்குதல்

சர்வரில் சவுண்ட் கார்டிலிருந்து ஒலி வராவிட்டால் கார்டு பழுது என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் தவறாகிவிடும். மேசைக் கணினிக்கான லினக்ஸில் பயனர் அறியாமலே நடந்துவிடும் ஐந்தாறு வேலைகள் சர்வர் பதிப்பில் நடப்பதில்லை. சில நிறுவல்களில் ஒலி டிரைவர்களே வருவதில்லை. டிரைவர் வந்தாலும் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் இருப்பதில்லை. கருவிகளும் இருந்துவிட்டால், தொலைவிலிருந்து உள்நுழையும் பயனருக்குக் கார்டைத் தொட அனுமதி இருப்பதில்லை. இவை யாரோ மறந்துபோன குறைகள் அல்ல. வலைத்தளமும் தரவுத்தளமும் நடத்தும் இயந்திரத்துக்கு ஒலி எதற்கு என்று எண்ணி, இடத்தையும் பாதுகாப்பையும் கருதி விடப்பட்டவை.

ஆனாலும் ஒலி தேவைப்படும் சர்வர்கள் நிறைய இருக்கின்றன. ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலையில் சங்கு ஊத வேண்டும். பள்ளியில் மணி அடிக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு ஒலிக்க வேண்டும். இணைய வானொலி நடத்துபவருக்கு மைக்கின் குரல் சர்வருக்குள் போய்ச் சேர வேண்டும். ஏசி நின்று அறையின் வெப்பம் ஏறினால் காவலர் காதில் விழும்படி அபாய ஒலி எழ வேண்டும். இவற்றுக்கென்று தனியாக ஒரு கணினியை வாங்கி வைப்பதைவிட, இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையே பயன்படுத்துவது நல்ல முடிவு.

இந்த அத்தியாயம் உபுண்டு சர்வரையும் டெபியனையும் முதன்மையாகக் கொண்டது. விண்டோஸ் சர்வர் இறுதியில் சுருக்கமாக வருகிறது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன. இயந்திரத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றுதான்: கீழிருந்து மேலே செல்ல வேண்டும். கார்டு, டிரைவர், அனுமதி, மிக்சர், வெளியேறும் வழி, நிரல் என்பது வரிசை. ஒரு படி உறுதியாகும் முன் அடுத்த படியில் கைவைக்கக் கூடாது. டிரைவரே ஏறாத இயந்திரத்தில் மேல்மட்ட அமைப்புக் கோப்புகளை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. நேரம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

கார்டு இருக்கிறதா?

ரேக்கில் பொருத்தும் சர்வர்களின் மதர்போர்டில் ஒலிக்கான சிப் பொதுவாக இருக்காது. பின்பக்கத்தில் விஜிஏ, நெட்வொர்க், யுஎஸ்பி துளைகள் இருக்கும், 3.5 மி.மீ. பச்சைத் துளை இருக்காது. அப்படியானால் தேடிப் பயனில்லை, ஒரு கார்டைச் சேர்த்தாக வேண்டும். மேசைக் கணினியைச் சர்வராக மாற்றியிருந்தால் நிலைமை வேறு. இன்டெல் 2004இல் வெளியிட்ட எச்டி ஆடியோ தரத்தில் அமைந்த கட்டுப்பாட்டுப் பகுதியும், ரியல்டெக் போன்ற நிறுவனத்தின் கோடெக் சிப்பும் போர்டிலேயே இருக்கும். அதற்கு முந்தைய, 1997இல் வந்த ஏசி’97 தரத்துப் போர்டுகள் இப்போது அபூர்வம். அவற்றுக்கும் லினக்ஸில் டிரைவர் உண்டு.

‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்ற கட்டளை பிசிஐ வழியில் இணைந்துள்ள எல்லாவற்றையும் பட்டியலிடும். அதில் ‘ஆடியோ டிவைஸ்’ என்ற சொற்கள் உள்ள வரியைத் தேட வேண்டும். வரி இருந்து, அதன் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்பதும் இருந்தால் கார்டும் டிரைவரும் சேர்ந்துவிட்டன. முதல் வரி மட்டும் இருந்தால் கார்டு உண்டு, டிரைவர் இல்லை. இரண்டுமே இல்லாமல் பின்பக்கத்தில் பச்சைத் துளை மட்டும் இருந்தால், பயாஸ் அமைப்பில் ஒலிப் பகுதி அணைக்கப்பட்டிருக்கிறது. ‘அட்வான்ஸ்டு’ அல்லது ‘ஆன்போர்டு டிவைசஸ்’ என்ற பக்கத்தில் ‘எச்டி ஆடியோ கன்ட்ரோலர்’ என்பதை ‘எனேபிள்டு’ ஆக்கினால் அது தோன்றும். சர்வராக மாற்றும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த யாராவது அதை அணைத்திருக்கக் கூடும்.

கார்டு வாங்க வேண்டியிருந்தால் யுஎஸ்பி வகையையே வாங்குவது நல்லது. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் கர்னலில் ஒரே டிரைவர்தான். உற்பத்தியாளரின் டிரைவருக்காக அலைய வேண்டியதில்லை. சர்வரின் மூடியைத் திறக்காமலே பொருத்தலாம், பழுதானால் சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். ரேக் சர்வர்களில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடங்கள் குறைவு. அவற்றை நெட்வொர்க் கார்டுக்கும் டிஸ்க் கன்ட்ரோலருக்கும் விட்டுவைப்பதே புத்திசாலித்தனம். சாதனத்தைச் செருகியதும் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையில் அதன் பெயர் தெரிய வேண்டும்.

டிரைவர்

லினக்ஸில் சவுண்ட் கார்டுகளைக் கையாளும் பகுதிக்கு அல்சா என்று பெயர். யாரொஸ்லாவ் கீசெலா 1998இல் தொடங்கிய இந்தத் திட்டம், 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் பழைய ஓஎஸ்எஸ் முறையின் இடத்தைப் பிடித்தது. இன்றைக்கு எந்த ஒலி மென்பொருளை நிறுவினாலும் அடியில் கார்டோடு பேசுவது அல்சாதான்.

அதன் நிலையை அறிய ‘/ப்ராக்/ஏசவுண்ட்/கார்ட்ஸ்’ என்ற கோப்பைப் படித்தால் போதும். கார்டின் பெயர் தெரிந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். ‘நோ சவுண்ட்கார்ட்ஸ்’ என்றால் அல்சா ஏறியிருக்கிறது, கார்டு எதையும் பிடிக்கவில்லை. கோப்பே இல்லையென்றால் அல்சாவின் மையப் பகுதிகூட ஏறவில்லை. அப்போது ‘மோட்புரோப் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல்’ என்று கட்டளையிட்டு டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்க்க வேண்டும். பெயரில் இன்டெல் இருந்தாலும் ஏஎம்டி போர்டுகளின் எச்டி ஆடியோவுக்கும் பெரும்பாலும் இதே டிரைவர்தான். யுஎஸ்பி சாதனமானால் ‘எஸ்என்டி-யுஎஸ்பி-ஆடியோ’.

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்ற பதில் வந்தால், அந்த டிரைவர் டிஸ்கிலேயே இல்லை என்று பொருள். உபுண்டுவில் பலரைக் குழப்பும் இடம் இது. வட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரடியாக நிறுவிய உபுண்டு சர்வரில் வழக்கமாக ‘லினக்ஸ்-ஜெனரிக்’ என்ற தொகுப்பு இருக்கும். ஒலி டிரைவர்களும் அதோடு வந்துவிடும். மெய்நிகர் இயந்திரங்களுக்கென்று தயாரித்த படிமங்களிலிருந்து உருவான சர்வரில் ‘லினக்ஸ்-விர்ச்சுவல்’ இருக்கும். இரண்டும் ஒரே கர்னலைத்தான் நிறுவுகின்றன. அதனால் ‘யுநேம் -ஆர்’ கட்டளை இரண்டிலும் ‘ஜெனரிக்’ என்றே காட்டும். வேறுபாடு, ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்று தொடங்கும் துணைத் தொகுப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. ஒலி டிரைவர்கள் இருப்பது அந்தத் தொகுப்பில்.

இதற்குப் பரிகாரமாக, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண்ணைச் சேர்த்து அந்தத் துணைத் தொகுப்பை மட்டும் நிறுவும் வழக்கம் உண்டு. அன்றைக்கு அது வேலை செய்யும். அடுத்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் கர்னலின் எண் மாறும். பழைய எண்ணுக்கான டிரைவர் புதிய கர்னலுக்கு உதவாது. மறுதொடக்கத்துக்குப் பிறகு, யாரும் எதையும் தொடாமலே, மணி அடிப்பது நின்றுபோகும். எண் இல்லாத ‘லினக்ஸ்-ஜெனரிக்’ தொகுப்பையோ ‘லினக்ஸ்-இமேஜ்-எக்ஸ்ட்ரா-விர்ச்சுவல்’ தொகுப்பையோ நிறுவுவதே நிலையான வழி. கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர்களும் தாமாகவே கூட வரும்.

டெபியனில் அறிகுறி வெளிப்படையானது. ‘யுநேம் -ஆர்’ காட்டும் பெயரில் ‘கிளவுட்’ என்ற சொல் இருந்தால் அது மேகச் சேவைகளுக்காகச் சுருக்கப்பட்ட கர்னல். ‘லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64’ என்ற வழக்கமான கர்னலை நிறுவி மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

டிரைவர் டிஸ்கில் இருந்தும் ஏறாவிட்டால் ‘/ஈடிசி/மோட்புரோப்.டி’ கோப்புறையைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பைக் கடுமையாக்கிய சர்வர்களில் ‘பிளாக்லிஸ்ட்’ என்று தொடங்கும் வரிகள் ஒலி டிரைவர்களைத் தடுத்து வைத்திருக்கலாம். அந்தத் தடை நிறுவனத்தின் கொள்கைப்படி போடப்பட்டதா என்று விசாரித்த பிறகே நீக்குவது முறை.

மடிக்கணினியைச் சர்வராக்கும்போது இன்னொரு தடை வரலாம். கடந்த சில ஆண்டுகளின் இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலி, எஸ்ஓஎஃப் என்ற தனி ஃபர்ம்வேர் வழியாக இயங்குகிறது. டெபியனில் ‘ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு’ என்ற தொகுப்பு அதற்கானது. ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற செய்தி ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையின் வெளியீட்டில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும்.

அனுமதி

ரூட் பயனராக ஒலிக்கிறது, சாதாரணப் பயனராக ஒலிக்கவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். பிரச்சினையைப் புரிந்துகொள்ள மேசைக் கணினியில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டும். சவுண்ட் கார்டு ‘/டெவ்/எஸ்என்டி’ கோப்புறையில் சில சாதனக் கோப்புகளாகத் தோன்றுகிறது. அவற்றின் உரிமையாளர் ரூட், குழு ‘ஆடியோ’, மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. மேசைக் கணினியின் முன் அமர்ந்து ஒருவர் உள்நுழைந்ததும், சிஸ்டம்-டியின் லாகின்-டி என்ற பகுதி, இந்த இருக்கையில் இப்போது இருப்பவர் இவர் என்று குறித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் அந்தக் கோப்புகளில் தற்காலிக அனுமதி தருகிறது. அவர் வெளியேறியதும் அனுமதியும் போய்விடும். பயனர் எந்தக் குழுவிலும் இல்லாமலே ஒலி கேட்பது இதனால்தான்.

எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைபவருக்கு இருக்கை கிடையாது. அவர் எந்தத் திரையின் முன்னும் இல்லை; எனவே தற்காலிக அனுமதியும் கிடைக்காது. குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஓடும் நிரல்களுக்கும் இதே கதிதான். ‘ஏபிளே -எல்’ என்று கார்டுகளைப் பட்டியலிடச் சொன்னால் ‘நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்’ என்ற பதில் வரும். கார்டு இல்லை என்று அது சொல்லவில்லை. இந்தப் பயனரால் பார்க்க முடிந்த கார்டு எதுவும் இல்லை என்கிறது. இந்தப் பதிலை நம்பிப் புதுக் கார்டு வாங்கப் போகும் முன், ‘சுடோ’ சேர்த்து அதே கட்டளையை ஒருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தீர்வு எளிது. ஒலி எழுப்ப வேண்டிய பயனரை ‘ஆடியோ’ குழுவில் சேர்க்க வேண்டும்: ‘சுடோ யூசர்மாட் -ஏஜி ஆடியோ’ என்று தட்டி, பின்னால் பயனர் பெயரைச் சேர்க்க வேண்டும். ‘ஏ’ சிற்றெழுத்து, ‘ஜி’ பேரெழுத்து. இந்த ‘ஏ’ விட்டுப்போனால் பயனர் ஏற்கெனவே இருந்த துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டு ஆடியோ குழுவில் மட்டும் இருப்பார். சுடோ குழுவும் அதில் போய்விடும். தொலைவிலிருக்கும் சர்வரில் அது பெரிய விபத்து. கட்டளையை முடிக்கும் முன் ஒருமுறை நின்று படித்துப் பார்ப்பது நல்லது. குழு மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுக்குப் பொருந்தாது. வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகு ‘ஐடி’ கட்டளையில் ‘ஆடியோ’ தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் ரூட் பயனராகவே ஓட்டிவிடலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. ஒரு மணி ஓசைக்காக ஒரு நிரலுக்கு முழு இயந்திரத்தின் அதிகாரத்தையும் கொடுப்பது நியாயமற்ற விலை. சாதனக் கோப்புகளை எல்லோருக்கும் திறந்துவிடுவதும் தவறு. மைக் இணைந்திருக்கும் அறையில் நடக்கும் பேச்சை, சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் பதிவுசெய்ய அது வழிவிடும்.

மிக்சர்

‘அல்சா-யூட்டில்ஸ்’ என்ற தொகுப்பைச் சர்வரில் தனியாக நிறுவ வேண்டும். சோதனைக்கும் சரிசெய்வதற்கும் தேவையான கருவிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. நிறுவியதும் ‘அல்சாமிக்சர்’ என்று தட்டினால் திரையில் செங்குத்துப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். எஃப்6 விசையால் கார்டைத் தேர்ந்தெடுக்கலாம். இட வல அம்புகளால் பட்டைக்குப் பட்டை நகரலாம். மேல் கீழ் அம்புகளால் அளவை மாற்றலாம்.

பட்டையின் அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் அந்த வழி வாய்மூடிக் கிடக்கிறது; எம் விசையை அழுத்தினால் திறக்கும், அடியில் இரண்டு சுழிகள் தோன்றும். ‘மாஸ்டர்’, ‘பிசிஎம்’, ‘ஃபிரண்ட்’ அல்லது ‘லைன் அவுட்’ ஆகியவை ஒவ்வொன்றும் திறந்திருக்க வேண்டும். ஒன்று மூடியிருந்தாலும் ஒலி வராது. வலக்கோடியில் ‘ஆட்டோ-மியூட் மோட்’ என்று ஒன்று பல போர்டுகளில் இருக்கும். ஹெட்ஃபோன் செருகப்பட்டதாக போர்டு உணர்ந்தால் மற்றத் துளைகளை அது மூடிவிடும். முன்பக்கத் துளையின் கம்பிகள் சரியாக இணைக்கப்படாத கேபினெட்களில் எப்போதும் ஹெட்ஃபோன் இருப்பதாகவே போர்டு எண்ணிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தில் ஆம்ப்ளிஃபையரை மட்டுமே இணைக்கப்போகும் சர்வரில் இதை ‘டிசேபிள்டு’ என்று வைத்துவிடலாம். மைக்கிலிருந்து பதிவுசெய்வோர் எஃப்4 விசையை அழுத்தி, உள்வரும் பட்டைகளையும் பார்க்க வேண்டும்.

‘ஸ்பீக்கர்-டெஸ்ட் -சி2 -டி வேவ்’ என்று கட்டளையிட்டால் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி ஒரு குரல் ஆங்கிலத்தில் பக்கத்தின் பெயரைச் சொல்லும். அது கேட்டால் கார்டிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் சரி. உடனே ‘சுடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்’ என்று கொடுத்து அளவுகளைச் சேமிக்க வேண்டும். அவை ‘/வார்/லிப்/அல்சா’ கோப்புறையில் பதிந்து, ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் திரும்ப அமையும். சரியாக அணைக்கப்படும் இயந்திரம் அளவுகளைத் தானே சேமிக்கும். மின்வெட்டில் அணைந்த இயந்திரம் சேமிக்காது.

எந்த வழியாக வெளியேறுவது?

‘ஏபிளே -எல்’ பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகள் தெரிவது வழக்கம். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு எச்டிஎம்ஐ வழியே ஒலி அனுப்பும் பகுதி தனியாக உண்டு. அதுவும் ஒரு சவுண்ட் கார்டாகவே கணக்கில் வரும். அது 0 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால், யாரும் இணைக்காத ஒரு திரைக்கு ஒலி போய்க்கொண்டிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, பாட்டு ஓடுவதாகவே நிரல் சொல்லும், ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது.

கார்டுகளின் எண்கள் நிலையானவை அல்ல. எந்த டிரைவர் முந்தி ஏறுகிறதோ அதற்கு முதல் எண். மறுதொடக்கத்தில் வரிசை மாறக் கூடும். எனவே எண்ணை நம்பாமல், பட்டியலில் கார்டின் எண்ணை அடுத்து வரும் ‘பிசிஎச்’ போன்ற குறும்பெயரைப் பயன்படுத்த வேண்டும். ‘/ஈடிசி/ஏசவுண்ட்.கான்ஃப்’ கோப்பில் இயல்பான கார்டாக அந்தப் பெயரை எழுதிவைத்தால் எல்லாப் பயனர்களுக்கும் அது பொருந்தும்.

ஒரே கார்டை அல்சா பல பெயர்களில் தருகிறது. ‘எச்டபிள்யூ’ என்று தொடங்கும் பெயர் கார்டை நேரடியாகத் தொடும். கார்டு ஏற்காத வடிவில் கோப்பு இருந்தால் நிரல் மறுத்து நின்றுவிடும். ஒற்றைத் தடத்தில் பதிந்த அறிவிப்புக் குரலை இரண்டு தடங்களை மட்டுமே ஏற்கும் கார்டில் இப்படி ஒலிக்கச் சொன்னால் ‘சேனல்ஸ் கவுன்ட் நான் அவைலபிள்’ என்ற செய்தி வருவது இதனால்தான். ‘பிளக்எச்டபிள்யூ’ என்ற பெயர் தேவையான மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். சோதனைக்கு இதுவே ஏற்றது. இவை இரண்டும் கார்டை ஒரு நிரலுக்கு மட்டும் ஒப்படைப்பவை. பின்னணி இசை ஓடும்போதே அறிவிப்பும் ஒலிக்க வேண்டுமானால் ‘டிமிக்ஸ்’ என்ற கலவை வழி தேவை. இயல்பான பெயரையே பயன்படுத்தினால் பெரும்பாலான கார்டுகளில் அது தானாகவே அமையும். ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி’ என்ற செய்தி வந்தால் ஏதோ ஒரு நிரல் கார்டைத் தனக்கென்று பிடித்துவைத்திருக்கிறது. ‘சுடோ ஃபியூசர் -வி /டெவ்/எஸ்என்டி/*’ அதன் பெயரைச் சொல்லும்.

தானாக ஒலிக்கும் நிரல்கள்

கையால் கட்டளையிட்டால் ஒலிக்கிறது, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் வைத்தால் ஒலிக்கவில்லை என்றால் மூன்றைச் சோதிக்க வேண்டும்: கிரான் வரி எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது, அவர் ஆடியோ குழுவில் இருக்கிறாரா, நிரலின் பெயர் முழுப் பாதையோடு எழுதப்பட்டிருக்கிறதா. கிரானுக்குத் தெரிந்த பாதைகள் மிகக் குறைவு. ‘/யுஎஸ்ஆர்/பின்/ஏபிளே’ என்று முழுதாக எழுதுவதும், ஒலிக் கோப்பின் பாதையையும் அப்படியே எழுதுவதும் பழக்கமாக வேண்டும்.

நிரந்தரமாக ஓடும் நிரலைச் சிஸ்டம்-டி சர்வீஸாக அமைக்கும்போது, அதற்கென்று ஒரு தனிப் பயனரை உருவாக்கி, சர்வீஸ் கோப்பில் ‘சப்ளிமென்டரிகுரூப்ஸ்’ என்பதற்கு ‘ஆடியோ’ என்று தர வேண்டும். அதே கோப்பில் ‘பிரைவேட்டிவைசஸ்’ என்பது ‘யெஸ்’ என்றிருந்தால், அந்த நிரலின் கண்ணுக்கு ‘/டெவ்/எஸ்என்டி’ கோப்புறையே தெரியாது. பாதுகாப்புக்காகப் பலரும் சேர்க்கும் நல்ல வரி அது. ஒலி எழுப்பும் சர்வீஸில் மட்டும் அதை எடுத்துவிட வேண்டும்.

அறிவிப்பின் முதல் அசை விழுங்கப்படுவதும், ஒலி தொடங்கும் முன் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்பதும் மின்சேமிப்பின் விளைவுகள். எச்டி ஆடியோ டிரைவர், சில நொடிகள் ஒலி இல்லாவிட்டால் கோடெக் சிப்பைத் தூங்க வைக்கும்; அது விழிக்கும் நேரத்தில் முதல் சொல் போய்விடும். ‘/ஈடிசி/மோட்புரோப்.டி’ கோப்புறையில் ஒரு கோப்பு உருவாக்கி, ‘ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0’ என்று எழுதினால் சிப் விழித்தே இருக்கும். ஆண்டு முழுவதும் ஓடும் சர்வரில் இதனால் கூடும் மின்செலவு பொருட்படுத்தத் தக்கதல்ல. அரை நொடி மௌனத்தை ஒலிக் கோப்பின் தொடக்கத்தில் சேர்த்தாலும் முதல் அசை தப்பும். ‘டப்’ ஓசை அதனால் போகாது.

அல்சாவின் மேல் அடுக்காக அமரும் பல்ஸ்ஆடியோவும் அதற்குப் பின் வந்த பைப்வயரும் மேசைக் கணினியின் தேவைகளுக்காக எழுந்தவை. ஒவ்வொரு பயனரின் அமர்வோடும் தொடங்கி அமர்வோடு முடிவது அவற்றின் இயல்பு. சர்வரில் பயனர் வெளியேறியதும் ஒலியும் நின்றுவிடும். ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்று தட்டிப் பயனர் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், உள்நுழையாதபோதும் அமர்வு நிலைத்திருக்கும். புளூடூத் ஸ்பீக்கரோ, நெட்வொர்க் வழியாக வேறு இயந்திரத்துக்கு ஒலி அனுப்புவதோ தேவையில்லாத இடத்தில் இந்த அடுக்கைச் சேர்க்காமல் இருப்பதே மேல். மணிக்கும் அறிவிப்புக்கும் அல்சா மட்டும் போதும். அடுக்கு குறையக் குறைய நள்ளிரவில் பழுது தேடும் வேலையும் குறையும்.

மெய்நிகர் இயந்திரமும் கண்டெய்னரும்

மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் சர்வருக்கு, வெளியே உள்ள உண்மையான கார்டு தெரியாது. யுஎஸ்பி சவுண்ட் கார்டை அப்படியே உள்ளே ஒப்படைப்பதுதான் தொல்லை குறைந்த வழி. பெரும்பாலான மெய்நிகர் மென்பொருள்களில் அதற்கு வசதி உண்டு. மேகச் சேவையில் வாடகைக்கு எடுத்த சர்வரில் கார்டுக்கு இடமே இல்லை. அங்கே ஒரு நிரலின் ஒலியை இன்னொரு நிரல் பதிவுசெய்ய வேண்டுமானால் ‘எஸ்என்டி-அலூப்’ என்ற டிரைவர் போலிக் கார்டு ஒன்றை உருவாக்கித் தரும். ஒரு பக்கம் அனுப்பிய ஒலி மறுபக்கம் மைக் ஒலிபோல வரும்.

டாக்கர் கண்டெய்னருக்கு ‘/டெவ்/எஸ்என்டி’ சாதனத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது; ஆடியோ குழுவையும் கொடுக்க வேண்டும். குழுவைப் பெயரால் கொடுத்தால் கண்டெய்னருக்குள் அந்தப் பெயருக்கு வேறு எண் இருக்கலாம், பெயரே இல்லாமலும் இருக்கலாம். கர்னல் பார்ப்பது எண்ணைத்தான்; எனவே எண்ணையே கொடுக்க வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் ஆடியோ குழுவின் எண் 29.

ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தல்

கார்டின் பச்சைத் துளையிலிருந்து வருவது லைன் அளவுச் சிக்னல். அது ஆம்ப்ளிஃபையரின் ‘லைன் இன்’ அல்லது ‘ஆக்ஸ்’ துளைக்குப் போக வேண்டும், மைக் துளைக்கு அல்ல. சர்வரும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடங்களில் எர்த் பெற்றிருந்தால் ஸ்பீக்கரில் தொடர்ந்து இரைச்சல் கேட்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடங்களில் அது 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அமைந்த கனத்த முனகல். எந்த மென்பொருளாலும் அது போகாது. இரண்டுக்கும் நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பொருத்தினால் நின்றுவிடும். இரைச்சலை ஒழிக்க பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

விண்டோஸ் சர்வர்

விண்டோஸ் சர்வரில் தேட வேண்டிய இடம் ‘சர்வீசஸ்’ பட்டியல். அதில் ‘விண்டோஸ் ஆடியோ’, ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்’ ஆகிய இரண்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ‘விண்டோஸ் ஆடியோ’ தானாகத் தொடங்கும்படி அமைக்கப்படாத பதிப்புகளில் அதன் தொடக்க முறையை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்ற வேண்டும். கார்டு உற்பத்தியாளரின் நிறுவி சர்வர் பதிப்பை ஏற்க மறுத்தால் கவலை இல்லை. விண்டோஸின் பொதுவான எச்டி ஆடியோ டிரைவரே சாதாரண வேலைக்குப் போதும்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சோதிப்பவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த வழியில் ஒலி இயல்பாகவே சோதிப்பவரின் சொந்தக் கணினிக்கு வந்துவிடும். சர்வரில் இணைத்த ஸ்பீக்கருக்குப் போகாது. இணையும் முன் ‘லோக்கல் ரிசோர்சஸ்’ பக்கத்தில் ‘பிளே ஆன் ரிமோட் கம்ப்யூட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்வர் கோர் என்ற திரையற்ற நிறுவலில் ஒலிக்கு ஆதரவே கிடையாது. விண்டோஸ் சர்வர் 2016 முதல் கோருக்கும் முழுத் திரை வகையான டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸுக்கும் இடையில் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஒலி தேவைப்படும் சர்வரை நிறுவும் நாளிலேயே டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.